தாமிரச் சொம்பும் பெண் பார்த்த படலமும்

சும்மா உட்கார்ந்திருப்பது எனக்குப் பிறவியிலேயே வராது. கை சும்மா இருந்தால் கால் ஆடும். காலை அடக்கினால் வாய் ஆரம்பித்துவிடும்.

ஆரணிக்குப் பெண் பார்க்கப் போன அன்றும் அப்படித்தான். எனக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. தண்ணீரில் உலோகம் கலந்திருந்தால் நிறம் மாறுகிற காகிதப் பட்டைகள் சட்டைப் பையில் இருந்தன. (பெண் பார்க்கப் போகிறவனுக்கு அது எதற்கு என்று நீங்கள் கேட்க வேண்டாம். அம்மா இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

பெண் வரத் தாமதமானது. என் கால் ஆடியது. அம்மா தொடையில் கிள்ளினார். அந்த நேரம் பார்த்துப் பளபளவென்று தேய்த்த தாமிரச் சொம்பில் தண்ணீர் வந்தது. குடிக்காமல் பட்டையை நனைத்தேன். நிறம் மாறியது. எனக்கு ஒரே குஷி. பக்கத்தில் சாயப்பட்டறை இருக்கிறதா என்று கேட்டேன். பட்டுநூலுக்குச் சாயம் போட்ட கழிவு மண்ணில் இறங்கித்தான் உங்கள் போர்வெல் தண்ணீர் கெட்டிருக்கிறது என்று பாடமே எடுத்தேன். பெண்ணின் அப்பா எதிர் நாற்காலியைப் பார்த்தார். அங்கே இருந்தவர் பெண்ணின் தாய்மாமன். பக்கத்துப் பட்டறை அவருடையது.

"இவரு பொண்ணு பாக்க வந்தாரா, எம் பட்டறைய மூட வந்தாரா?" என்று எழுந்து செருப்பைத் தேடினார். (மாட்டிக்கொள்ளத்தான் என்று நம்பினேன்.) அதற்குள் என் பாடத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு அம்மாள் பயந்துபோய்த் தன் தொட்டித் தண்ணீரையெல்லாம் திறந்துவிட்டிருந்தார்.

அப்போதுதான் பெண் வெளியே வந்தாள்.

"அது ராத்திரியே சொம்புல ஊத்தி வச்ச தண்ணிங்க. நீங்க வர்றீங்கன்னு புளி போட்டுத் தேச்சி வச்சோம். குழாய்ல புடிச்சிப் பாருங்க."

பிடித்துப் பார்த்தேன். புதுப் பட்டை வெள்ளையாகவே இருந்தது. உலோகப் பாத்திரத்தில் நின்ற தண்ணீரைச் சோதிக்கக் கூடாது, குழாயில் நேராகப் பிடிக்க வேண்டும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுப்பவன் நான். அவமானம் ஒரு பக்கம். அவளைப் பார்த்த கணமே பிடித்துப்போனது இன்னொரு பக்கம். கைக்கு வந்ததை நானே கெடுத்துக்கொண்டேனே என்று அழுகையே வந்துவிட்டது.

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வந்ததுதான் வந்தேன், பட்டறைத் தண்ணீரையும் ஒரு தரம் பார்த்துவிடட்டுமா என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததைப் பார்த்து மாமா மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

இன்றும் ஆரணிக்குப் போகும்போதெல்லாம் பட்டறைத் தண்ணீரைச் சோதித்த பிறகுதான் மாமா எனக்கு இலை போடச் சொல்வார். ஆனால் தெருமுனையில் என் வண்டியைக் கண்டதுமே உள்ளே குரல் கொடுத்துவிடுவார்:

"மாப்ள வந்துகினு இருக்காரு. ஜல்தி, அந்தச் சொம்ப எடுத்து ஒளிச்சி வைங்க."