ஏழாம் நம்பர் மலையின் நற்சான்றிதழ்

அன்று பெரகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸில் பிரசன்னமாகியிருந்தோர்: தலைமை ஆசனத்தில் தோட்டத் துரை சுரேஸ், தொழிலாளர் சார்பில் தொழிற்சங்கத் தலைவர் பொன்னையா, முறைப்பாட்டாளராகக் கொழுந்து பறிக்கும் பெரியாயி, சட்டத்தின் சார்பில், பதுளையிலிருந்து வந்த தொழில் பரிசோதகர் றினாஸ். கம்பனிகள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்திக்கொள்ளும் புதிய முறையின்படி அங்கே சட்டத்துக்குப் பேச உரிமை இல்லை. பார்க்கலாம், தேநீர் அருந்தலாம். றினாஸ் இரண்டாவது கோப்பையில் இருந்தார்.

விடயம், ஜன்னலுக்கு எதிரே ஏழாம் நம்பர் மலையில் நின்ற சவுக்கு மரத்துக் குளவிக் கூடு. பெரியாயியின் மருமகள் கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாளை விடிந்தால் பெரியாயிக்கும் அதே மலையில்தான் வேலை.

"கூட்ட எடுத்துருங்க தொரை. இல்லாட்டி வேற மலைக்கு அனுப்புங்க."

"கம்பனி தன்னைத்தானே விசாரிச்சிருச்சும்மா. முழுசா ஒத்துழைச்சோம். குத்தம் ஒண்ணும் இல்லேன்னு தெரிஞ்சு போச்சு."

"குளவிய விசாரிச்சீங்களா?"

"இந்த மாசம் புதுசா முறைப்பாடு எதுவும் வரலையே," என்றார் பொன்னையா.

"கொட்டுப்பட்டவ வாய் வீங்கிக் கெடக்குறா தலைவரே. எப்படிச் சொல்லுவா?"

இவ்வாதம் பதியப்படவில்லை. அபாயமற்ற மலை என்னும் முதல்தர நற்சான்றிதழ் கண்ணாடி போட்டு ஏற்கனவே தயாராக இருந்தமையே காரணம்.

றினாஸின் பையில் சட்டப் புத்தகம் இருந்தது. ஒரே கையெழுத்தில் அந்த மலையின் வேலையை நிறுத்த அவருக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் பேச வேண்டியதுமில்லை. ஆனால் துரை காட்டிய இடத்தில், சான்றிதழின் பின்புறம், அவதானிப்பாளராகக் கையெழுத்திட்டார்.

பின்னரே புதிய முறையின் பதினோராம் விதி வாசிக்கப்பட்டது: நற்சான்றிதழ் உரிய இடத்திலேயே ஆணியடித்து மாட்டப்படல் வேண்டும்.

உரிய இடம் அந்த மரம். சுத்தியல் மேசைக்கு வந்தது.

"தொழிலாளர் சார்பா தலைவர் அடிக்கட்டும்."

"நிர்வாகத்துக்குரிய கௌரவத்த நான் பறிக்கலாமா தொரை?"

"அபாயம் இல்லேன்னு நீங்கதானே எழுதுனீங்க?" என்றாள் பெரியாயி.

அவள் சுத்தியலை எடுத்து றினாஸிடம் நீட்டினாள்.

"ஐயா, நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. சட்டம் முன்னால போகட்டும். நாங்க பின்னால வாறோம்."

றினாஸ் சுத்தியலை வாங்கிக்கொண்டு எழுந்தார். உடனே துரை ஒரு ஜன்னலைச் சாத்தினார். தலைவர் மற்றதைச் சாத்தினார். காலையில் வந்தபோதே மோட்டார் சைக்கிளை மரத்தை விட்டுத் தள்ளி ஆபீஸின் பின்பக்கமாக நிறுத்தியது றினாஸின் நினைவுக்கு வந்தது. சுத்தியலைச் சான்றிதழின்மேல் பக்குவமாக வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், சட்டம் வெளியேறியது.