செவிலிமேட்டுத் தவளை அகற்றல் திட்டம்

நிர்வாகத் திறமைக்கு இலக்கணம் வகுத்தவர் எங்கள் வருவாய்த்துறை அதிகாரி நமச்சிவாயம். அவருடைய குமாஸ்தாவாகிய நான் இதைச் சொன்னால் முகஸ்துதி என்பார்கள். ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

1971இல் அவர் செவிலிமேட்டில் புது வீடு கட்டிக் குடிபோனார். முதல் மழையன்று இருநூறு தவளைகளும் அங்கே 'கிருகப்பிரவேசம்' செய்தன. கூடத்தில், அடுப்படியில், பூஜை அறையில் கூட உட்கார்ந்திருந்தன.

அதிகாரி பதறவில்லை. அவசரக் கூட்டம் கூட்டினார். 'தவளை அகற்றல் திட்டம்' ஒருமனதாக நிறைவேறியது. அரசாங்க ஜீப்பில் நான்கு சாக்குத் தவளைகள் பக்கத்து ஊரான ஐயம்பேட்டைக்குப் பயணமாயின. நான்காம் நாள் வீட்டில் மறுபடி இருநூறு.

"இவை வேறு தவளைகள்" என்று அறிக்கை எழுதினேன். அதிகாரிக்குப் பிடித்திருந்தது. அவர் மனைவி கிருஷ்ணவேணிக்குப் பிடிக்கவில்லை.

"வேற தவளைன்னா பூஜை ரூமுக்கு எப்படி வழி தெரிஞ்சுது?" என்று கேட்டார்.

விலங்கியல் ஆசிரியை கமலாட்சி வரவழைக்கப்பட்டார். நெசவாளர் ஒருவரிடம் சிவப்புப் பட்டுநூல் வாங்கி, ஒவ்வொரு தவளைக்கும் இடுப்பில் கட்டி, பாலாற்றுக்கு அக்கரையில் விட்டார். காஞ்சிப் பட்டு கட்டி வழியனுப்பப்பட்ட முதல் விருந்தாளிகள் அவைதாம். ஐந்தாம் நாள் பட்டும் கையுமாகத் திரும்பிவிட்டன.

பிறந்த தண்ணீரின் வாசனையைத் தவளையின் மூக்கு மறக்காது, கூட்டாளிகளின் குரலைக் காது விடாது, இரண்டும் சேர்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் என்று கமலாட்சி விளக்கினார்.

அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "இங்கே குளமே இருந்ததில்லை என்று எழுதிக் கொடுங்கள்."

"அதைத் தவளைங்ககிட்டதான் சார் எழுதி வாங்கணும்."

கமலாட்சி எழுதிக் கொடுத்தது வேறு: இந்தத் தவளைகள் பிறந்த குளம் இங்கேதான் இருந்தது என்று. அதை வாங்கிக்கொண்டவள் பக்கத்துக் கொல்லையில் கீரை பயிரிடும் அம்சா. தன் கீரைக்குத் தண்ணீர் தந்த குளத்தைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள் என்று ஏற்கெனவே மூன்று மனு கொடுத்தவள். சான்று இல்லை என்று மூன்றையும் திருப்பியிருந்தோம். நான்காவதோடு சான்றையும் நீட்டினாள்.

"குளம் இல்லன்னா, இதுங்கல்லாம் யார் வூட்டுக்கு வந்துக்கினு இருக்குது சார்?" என்றாள், நிதானமாக.

அதிகாரி மனுவின்மேல் 'பார்வையிடப்பட்டது' என்று எழுதினார். அடுத்த மாதம் வீட்டை விற்றுவிட்டுப் பதவி உயர்வோடு சென்னைக்குப் போனார். கீரை காய்ந்தது. அம்சா இப்போது ஒரு சாயப்பட்டறையில் பட்டு அலசுகிறாள்.

நிலப் பதிவேட்டில் 'குளம்' என்பதை அடித்துத் 'தரிசு' என்று திருத்தியது நான்தான். அழகான கையெழுத்து. ஊரில் படித்தவர்கள் எல்லோரும் வாசித்துவிட்டுக் குளத்தை மறந்துபோனார்கள். எழுத்து வாசனை இல்லாத தவளைகள்தாம் ஒவ்வொரு மழைக்கும் வீட்டுக்கு வருகின்றன.