பேட்டரி நைனாவின் புல்தரை

கோலார் தங்கவயலில் மனிதர்களோடு சண்டை போட்டவர்கள் எத்தனையோ பேர். புல்லோடு சண்டை போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் பக்கத்து வீட்டு பேட்டரி நைனா. அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது கோபம்தான். மற்றதெல்லாம் அப்புறம்தான் வரும்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. லேம்ப் ரூமில் வேலை பார்த்தவர். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குத் தொப்பி விளக்கும் அதற்கான பேட்டரியும் எடுத்துக் கொடுப்பது, ஷிப்டு முடிந்து ஏறி வந்ததும் திருப்பி வாங்கி சார்ஜில் போடுவது, இதுதான் ஆயுசு முழுக்க. கொடுக்கும்போது ஒரு திட்டு. வாங்கும்போது அதைவிடப் பெரிய திட்டு. "இடுப்புல மாட்டிகினு போனியா, தரையில இழுத்துகினு போனியா? இன்னா கோலத்துல கொண்டாந்து கீற பாரு!" அவர் ரிடையர் ஆன அன்று லேம்ப் ரூமில் இனிப்பு கொடுத்தார்களாம். அவருக்காக என்று அவர் நினைத்தார். அங்கே இருந்தவர்களைக் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள்.

லேம்ப் ரூம் தப்பித்தது, நாங்கள் மாட்டிக்கொண்டோம். வீடு அவர் மகன் பேரில் இருந்தது. மகன் கம்பெனியின் கல் அரைக்கும் மில்லுக்குப் போய்விடுவான். நைனா பகல் முழுக்க வீட்டில். ஊரிகத்தில் கம்பெனி வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. அவர் அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் என் சாம்பார் சட்டி அதிரும். என் வீட்டுக்காரருக்கு அண்டர்கிரவுண்டில் வேலை. நைட் ஷிப்டு முடிந்து காலையில் வந்து படுப்பார். ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதுசில், என் புருஷன் தூங்கி நான் பார்த்ததே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடிப்பார், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில், மிச்சமிருந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் ஒவ்வொருவராகச் சீமைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். போகுமுன் பங்களா சாமான்களை ஏலம் விடுவார்கள். நந்திதுர்க் பக்கம் அப்படி ஒரு ஏலம் நடந்தது. நைனாவின் மனைவி ராஜம்மாக்கா, முதுகு வலிக்கு ஒரு சாய்வு நாற்காலி எடுத்து வரச் சொல்லி அவரை அனுப்பினார். போனவர் திரும்பும்போது எதையோ தள்ளிக்கொண்டு வந்தார். பச்சைப் பெயிண்ட் அடித்த புல்வெட்டும் மெஷின். மோட்டார் வண்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு பேட்டரி அதன் முதுகில் உட்கார்ந்திருந்தது. அவர் கக்கத்தில் இன்னொரு சாமான், டார்ச் லைட்டுக்குப் பல் முளைத்த மாதிரி. புல்லின் ஓரங்களைக் கத்தரிக்கிற பேட்டரிக் கத்தரியாம்.

"நாக்காலி எங்கய்யா?" என்றார் ராஜம்மாக்கா.

"நாக்காலி இன்னா பண்ணும்? சும்மா நிக்கும். இது ஓடும்!"

"ஓடி?"

"புல்லு வெட்டும்."

"புல்லு எங்க கீது?"

நைனா சுற்றிலும் பார்த்தார். எங்கள் வரிசையில் கண்ணுக்கெட்டிய வரை கருங்கல் ஜல்லி. காற்றடித்தால், தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து வந்து துணிமணிக்கெல்லாம் விபூதி பூசிவிட்டுப் போகும். ஆடு கூட எங்கள் லைனில் மேயாது, குறுக்கே நடந்து போகும். வேறு யாராவது என்றால் வெட்கப்பட்டிருப்பார்கள். நைனாவுக்குக் கோபம் வந்தது.

"புல்லு இல்லாத ஊரு இன்னா ஊரு! மன்சன் இருக்கற எடமா இது!"

மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மெஷினுக்காகப் புல் வளர்ப்பது என்று முடிவு கட்டினார். பங்களா வேலிக்கு வெளியே காடாகக் கிடந்த புல்லைப் பத்தை பத்தையாகப் பெயர்த்துக் கோணியில் கட்டிக் கொண்டு வந்தார். வாசலுக்கு எதிரே ஜல்லியைப் பொறுக்கி எறிந்து, மண்ணைக் கொட்டி, பத்தைகளைப் பதித்தார். கல்யாண ஜமுக்காளம் அளவுக்கு ஒரு பச்சை. அதுக்குத் தண்ணீர்? எங்கள் தலையில்தான் விடிந்தது. நான் அரிசி களைந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் சுவருக்கு மேலே குரல் வரும்.

"இன்னாம்மா, வாய் இல்லாத ஜீவன் இங்க காய்ஞ்சிகினு கீது, நீ சாக்கடைக்கு ஊத்தற? கொஞ்சமாவது நெஞ்சுல ஈரம் கீதா?"

வாய் இல்லாத ஜீவனாம்! அதற்கும் சேர்த்து இவர் பேசினார்.

புல் பிடித்துக்கொண்டது. மெஷின் கிளம்பியது. பெட்ரோல் மெஷின் மாதிரி கத்தாது. பெரிய வண்டு ஒன்று காதுக்குள் குடித்தனம் வந்த மாதிரி 'ஊம்ம்ம்' என்று இழுக்கும். ஜமுக்காளம் அளவு புல்லை வெட்ட எவ்வளவு நேரம் ஆகும்? இவருக்குக் காலை முழுவதும் ஆகும். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம். நடுநடுவே குனிந்து எறும்புகளைக் காகிதத்தில் ஏற்றி வெளியே விடுவார். பௌர்ணமி தவறாமல் புத்த விகாரத்துக்குப் போகிறவர், எறும்பைக் கொல்ல மாட்டார். புல்லின் மேல் கால் வைத்தவனை மட்டும் உயிரோடு விட மாட்டார்.

"ஏன் நைனா, உயிரைக் கொல்லக் கூடாதுன்றீங்களே, புல்லுக்கு மட்டும் உயிர் இல்லையா?" என்று ஒரு நாள் வயிற்றெரிச்சலில் கேட்டேன்.

"நான் எங்க கொல்றேன்? முடி வெட்டறேன். நீ முடி வெட்டிகினா செத்தா பூடுவே?"



வெட்டும் ஆசைக்கு அந்தப் புல் போதவில்லை. கையில் கத்தரி வேறு சும்மா இருக்குமா? நான் ஆசை ஆசையாகப் பாத்தி கட்டிக் கொத்தமல்லியும் அரைக்கீரையும் போட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், பாத்தி முழுக்க ஒரே மட்டமாக, ராணுவக்காரன் தலை மாதிரி நிற்கிறது. பக்கத்தில் நைனா, கத்தரியைத் துடைத்துக்கொண்டு.

"நைனா! இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

"கோணலும் மாணலுமா இருந்துச்சி. லெவல் பண்ணேன்."

"அது கீரை நைனா! சமைக்கறதுக்கு!"

"சமைச்சிக்கோயேன், யாரு வேணாம்னாங்க? அரிஞ்சே குடுத்துட்டேன். ஒரு நன்றி கீதா உனக்கு?"

ஜெபித்துவிட்டு வந்த வாயால் அன்று நான் பேசியதை எங்கள் பாஸ்டர் கேட்டிருந்தால் என்னைச் சபையை விட்டே விலக்கியிருப்பார்.

அடுத்தது சார்ஜ் விவகாரம். எங்கள் வரிசைக்கு வந்த கரண்டு, வீட்டுக்கு ஒரு பல்பு அழுதுகொண்டே எரிய மட்டும்தான் போதும். நைனா பேட்டரியை முதலில் ராபர்ட்சன்பேட்டைக்குச் சுமந்துகொண்டு போய் ஒரு கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தார். ஆசிட் தெறித்து அவர் சட்டையெல்லாம் சல்லடை. கடைக்காரனோடும் சண்டை வந்தது. வராமல் இருக்குமா? அப்புறம் மெஷினோடு வந்த சார்ஜர் பெட்டியை வீட்டிலேயே செருகினார். செருகியது எப்போது தெரியுமா? கிறிஸ்மஸுக்கு முந்தின சாயங்காலம். நான் காகித நட்சத்திரம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்து, ஏற்றினேன். பாட்டுக்குழு தெருமுனையில் வந்துகொண்டிருக்கிறது. 'டப்'. வரிசை மொத்தமும் இருட்டு. நட்சத்திரமும் போச்சு.

அந்த இருட்டில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே குரல்: "யோவ் நைனா!"

"இன்னாத்துக்கு என்னைக் கூவறீங்க? உங்க நட்சத்திரந்தான் கரண்டை உறிஞ்சிடிச்சி!" என்றார் என்னிடம். அந்த நிமிஷம் அந்த மெஷினைத் தூக்கிச் சுரங்க ஷாப்டுக்குள் போட எனக்குப் பலம் இருந்தது. அவரையும் சேர்த்தே போட்டிருப்பேன்.

அதற்கப்புறம் சிரிக்க முடியாத ஒன்று நடந்தது. பூமிக்கு அடியில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறும். மேலே எங்கள் வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும். அப்படி ஒரு வெடிப்பில் என் வீட்டுக்காரரின் வலது கால் கல்லுக்கடியில் மாட்டிக்கொண்டது. உயிர் தப்பியதே பெரிது. ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து, கட்டை மாதிரி மரத்துப்போன காலோடும் கைத்தடியோடும் வீட்டுக்கு வந்தார். "வெறுங்காலோடு நடந்து நடந்து பழகினால்தான் பாதத்துக்கு உணர்ச்சி வரும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே நடப்பது? வீட்டுக்குள் நாலு எட்டில் சுவர். வெளியே ஜல்லி. அதன் மேல் ஒரு கூடை மண் கொட்டச் சொல்லி, லைன் வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் இன்ஸ்பெக்டரிடம் போய் நின்றோம், விரட்டிவிட்டார். முதல் நாளே தடி வழுக்கி, விழுந்து, முட்டி கிழிந்து வந்தவர், "இனிமே என்னை நடக்கச் சொல்லாதே" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

சுவர்தான் கூரை வரைக்கும் போகாதே. மறுநாள் காலையில் 'ஊம்ம்ம்' என்று மெஷின் ஓடியது. நின்றது. எங்கள் கதவை யாரோ உதைக்கிற மாதிரி தட்டினார்கள்.

"ஏம்பா! படுத்துகினே சம்பளம் வாங்கலாம்னு பாக்கறியா? எழுந்து வா வெளிய!"

"எங்க நைனா வர்றது?"

"புல்லுக்கு வா. ஒட்ட வெட்டி வச்சிகீறேன், தடி சிக்காது. செருப்பைக் கழட்டிட்டு வா, செருப்போட ஏறினே, காலை உடைப்பேன்!"

உடைந்த காலைத்தான் உடைப்பேன் என்கிறார்! என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் சிரிப்பு.

கோழி ஏறினாலே கத்தித் தெருவைக் கூட்டுகிறவர், அன்றிலிருந்து தினமும் என் புருஷனைத் தன் புல்லில் நடக்கவிட்டார். அன்பாக ஒரு வார்த்தை கிடையாது. "அழுத்து! பாதத்தை முழுசா வை! நொண்டறதுக்கா இவ்ளோ சாணியைக் கொட்டி வளத்தேன்? ஒரே பக்கம் நடக்காதே, தேயுது பாரு!" விழப் போனால் மட்டும் ஓடி வந்து பிடித்துக்கொண்டு, பிடித்ததற்கும் சேர்த்துத் திட்டுவார். என் வீட்டுக்காரர் நடந்து முடித்ததும் நைனா மெஷினை எடுப்பார். மறுநாளைக்குத் தரையைச் சமமாக்கி வைக்க வேண்டுமே. எங்கள் வரிசையில் எல்லாரும் தாங்களாகவே அரிசி களைந்த தண்ணீரைக் கொண்டு வந்து ஊற்ற ஆரம்பித்தார்கள்.

கால் பாதி தேறி வரும்போது லைன் இன்ஸ்பெக்டர் வந்தார். கையில் பிரம்பு, வாயில் பாதிக் கன்னடம், பின்னால் மண்வெட்டியோடு இரண்டு ஆட்கள்.

"ஏன்ரீ இது? கம்பெனி ஜாகாவில தோட்டமா? ரிடையர் ஆனவன் லைன்ல இருக்கிறதே தப்பு. இதைக் கொத்தி எடுத்துடுங்க. மெஷின் பங்களா சாமான், அதையும் தூக்குங்க."

ஆயுசு முழுக்கக் கோபப்பட்ட மனுஷன், அன்று பார்த்து வாயடைத்து நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். பேசினால் மகனுடைய வீடு போய்விடும் என்று பயந்துவிட்டார். அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

என்ன நடந்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. புல்லின் நடுவில் நான் நின்றுகொண்டிருந்தேன், செருப்போடு.

"சார், ஜல்லியில விழுந்து என் வூட்டுக்காரர் முட்டி கிழிஞ்சப்போ நீங்க வந்தீங்களா? ஒரு கூடை மண்ணு கொட்டுங்கன்னு நாங்க வந்து நின்னப்போ இன்னா சொன்னீங்க? உங்க கம்பெனிக்குள்ள போன காலு சார் அது! அது நடக்கறதுக்கு இந்த ஊர்ல இவ்ளோ எடந்தான் கீது. கொத்தணும்னா என்னைக் கொத்திட்டுக் கொத்துங்க!"

என் குரல் கேட்டு வீட்டுக்கு வீடு பெண்கள் வந்துவிட்டார்கள். ராஜம்மாக்கா மெஷின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். முதுகு வலிக்கு அது நல்ல ஆசனம் இல்லை, ஆனாலும் இறங்கவில்லை. மண்வெட்டி ஆட்களில் ஒருவன், "கால் சரியாகட்டும் சார்" என்று முணுமுணுத்தான். இன்ஸ்பெக்டர் பிரம்பால் தன் பூட்ஸைத் தட்டிக்கொண்டார். "கால் சரியாகற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அப்புறம் வரவே இல்லை.

நைனா எனக்கு நன்றி சொல்லியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

"யாரு உன்னைப் பேசச் சொன்னாங்க? நான் சும்மா இருந்தது, யோசிச்சிகினு இருந்தேன். என் சண்டையை நீ போட்டுட்டே! அதுவும் செருப்பு காலோட!"

சண்டை போட வாய்ப்புப் பறிபோன துக்கத்தில் வெகு நாள் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரரை நடக்க வைத்துத் திட்டுவது மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. தடி போயிற்று. பூமிக்கு மேலேயே ஒரு வேலையில் போட்டார்கள். முதல் நாள் டூட்டிக்கு அவர் ஜல்லி மேல் நடந்து போனதை நைனா வாசலில் நின்று பார்த்தார். பார்த்துவிட்டு, "சோத்து மூட்டையை எந்தக் கையில புடிச்சிகினு போறான் பாரு முட்டாப் பையன்" என்றார்.

சில வருஷம் கழித்து மகனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துக் குடும்பம் போய்விட்டது. ஒரு தடவை நாங்கள் பார்க்கப் போனோம். அவருக்குப் பார்வை மங்கியிருந்தது. என்னை 'வா' என்று கேட்கவில்லை. என் வீட்டுக்காரரின் முகத்தையும் பார்க்கவில்லை. "நட" என்றார். செருப்பைக்கூடக் கழற்ற விடாமல் கூடத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கவிட்டு, தலையைச் சாய்த்துக் காலடிச் சத்தத்தைக் கேட்டார். "வலது செருப்பு ஒரு பக்கமா தேஞ்சி கீது. சாஞ்சி நடக்கறே. சொன்னா எவன் கேக்கறான்!" சாப்பாடு முடிகிற வரைக்கும் அதே திட்டு.

சாயங்காலம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நாங்கள் ஏறி உட்கார்ந்தோம். பஸ் நகர்ந்ததும் கை காட்டலாம் என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவர் எங்கள் பக்கமே இல்லை. முன்னால் போய், டிரைவர் பக்கக் கதவைத் தட்டிக்கொண்டே பஸ்ஸோடு நடந்துகொண்டிருந்தார்.

"பள்ளம் மேடு பாத்து மெதுவா ஓட்டுய்யா, அறிவு கெட்டவனே! உள்ள கால் அடிபட்ட புள்ள உக்காந்துகினு கீறான்!"