செல்வின் வீட்டு ஓய்வுநாள்

கட்டளை போடுகிறவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். அப்பா, மேலதிகாரி, வாட்ஸப் குழுவின் அட்மின் என்று அவர்கள் எங்கும் நிறைந்திருக்கிறார்கள். கட்டளையைக் கடைப்பிடிக்கிறவர் என்றொரு இனம் இருக்கிறது. அவரை நீங்கள் சரியாகக் கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரு விதியைச் சொன்னால் அதன் மேல் தானாகவே இன்னொரு விதியை ஏற்றி வைத்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னால் உப்புப் பரணியையே வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார். கோயிலிலும் உண்டு இந்த இனம், பள்ளிவாசலிலும் உண்டு, காலை நடைப்பயிற்சிக் கூட்டத்திலும் உண்டு. நாம் பார்க்கப்போவது திருவனந்தபுரம் நேமத்தில் வசிக்கும் செல்வினை.

செல்வினுக்கு ஆரியசாலையில் பூட்டு, தாழ்ப்பாள், கீல் மொத்த வியாபாரம். ஊர் பாறசாலைப் பக்கம். ஐம்பது வயது வரை எல்லாரையும் போல ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போய், பிரசங்கத்தில் கண்ணயர்ந்து, டிசம்பரில் வாசலில் நட்சத்திரம் கட்டித் தொங்கவிட்டு நிம்மதியாக இருந்தவர். ஒரு நாள் போனில் ஒரு வீடியோ பார்த்தார். இயேசு யூதர், அவர் சனிக்கிழமை ஓய்ந்திருந்தார், பன்றி, நண்டு, இறால் எதையும் தொடவில்லை. அன்றிலிருந்து செல்வினுக்கு இயேசு 'யெஷுவா' ஆனார். மேசியாவை நம்புகிறோம், மோசேயின் கட்டளைகளையும் விடமாட்டோம் என்கிற ஒரு சின்னக் கூட்டம் களியக்காவிளைக்கும் நேமத்துக்கும் இடையில் சிதறிக் கிடந்தது; அதில் போய்ச் சேர்ந்துகொண்டார்.

சேர்ந்தவர் எல்லாரையும் முந்திவிட்டார். அதுதான் இந்த இனத்தின் அடையாளம். கதவு நிலையில் வேதவாக்கியம் எழுதிய சுருளை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துத் தன் கடை ஸ்குரூவாலேயே முடுக்கினார். கூரியர்காரர் அதை அழைப்பு மணி என்று நினைத்து அழுத்திவிட்டு, கதவு திறக்குமென்று வெகுநேரம் நின்று, பார்சலோடு திரும்பிப் போனார். மோசேயின் கட்டளைப்படி இடுப்பில் நான்கு பக்கமும் நூல் குஞ்சம் தொங்கவிட்டு பஸ்ஸில் ஏறினார். "சேட்டா, சட்டை பிரிஞ்ஞு தொங்குன்னு" என்று கண்டக்டர் பரிவோடு சொன்னார். மீன் வாங்கப் போனால் துடுப்பு, செதில் இரண்டும் பார்க்க வேண்டும். சுறா போயிற்று, கெளுத்தி போயிற்று, கணவாய் போயிற்று. சூரைக்குச் செதில் உண்டா இல்லையா என்பதில் அவருக்கே சந்தேகம் வந்து, நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றபோது மீன்காரி சொன்னாள்: "சாரே, நீங்க செதிலு கண்டுபிடிக்கும்போ மீனு அழுகிப்போவும்."

பஸ்கா வாரத்தில் புளித்த மாவு வீட்டில் இருக்கக் கூடாது. அரிசி மாவுக்கு அது பொருந்தாது என்று கூட்டத்தின் மூத்தவரான ராஜையன் அண்ணனே சொல்லியும், செல்வின் தோசை மாவையும் ஆப்ப மாவையும் நாடுகடத்தினார். எதுக்கும் இருக்கட்டும். அந்த வாரம் முழுக்கப் புட்டு. புட்டு புளிப்பதில்லை, ஆனால் ஐந்தாம் நாள் மனிதன் புளித்துப்போகிறான்.

சனிக்கிழமை கடை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தெருவே கிடையாது. விதுரையிலிருந்து கீல் வாங்க வந்த ஒருவர் சனிக்கிழமை பூட்டிய ஷட்டரைப் பார்த்து விசாரித்தபோது, பக்கத்துக் கடை வன்னியபெருமாள் பொறுமையாக விளக்கினார்: "சனிக்கெழம அவரு யூதரு. திங்கக்கெழம வாங்க, நம்மாளா இருப்பாரு."

இத்தனைக்கும் நடுவில் ஜெயஷீலா என்றொருவர் அந்த வீட்டில் இருந்தார். செல்வினின் மனைவி. ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை பழைய சபையில் பாடகர் குழு. பாக்கியிருந்த சனிக்கிழமை, கணவரின் ஓய்வுநாள். ஒருவர் ஓய்வெடுக்கிற நாளில் ஒரு வீட்டில் எவ்வளவு வேலை இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், ஓய்வெடுப்பவர் நீங்கள்தான்.

ஓய்வுநாளில் செல்வின் சுவிட்சைத் தொடமாட்டார், அடுப்பைப் பற்றவைக்கமாட்டார். மனைவியிடம் செய்யச் சொல்வதும் தவறு. ஏவுதலும் வேலைதான் அல்லவா? எனவே அவர் யாரிடமும் எதையும் சொல்வதில்லை. காற்றிடம் சொல்வார். "ஹால்ல கொஞ்சம் புழுக்கமா இருக்குது போலுக்கு" என்பார், சுவரைப் பார்த்து. ஃபேன் ஓடும். "மழ வருவுதோ என்னவோ, கொடியில துணி கெடக்குது" என்பார் வானத்தைப் பார்த்து. துணி உள்ளே வரும். மதியம் கூட்டத்தார் வந்து பாடி, வேதம் படித்து, சாப்பிட்டு, சட்டியையும் தட்டையும் விட்டுவிட்டு "ஷபாத் ஷாலோம்", அதாவது ஓய்வுநாள் சமாதானம், சொல்லிப் போவார்கள். எவ்வளவு சமாதானமான நாள் என்று செல்வினுக்கு ஒவ்வொரு வாரமும் ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு புதன்கிழமை ஜெயஷீலா சொன்னார். "வாற சனிக்கெழம நானும் ஓய்வுநாள் ஆசரிக்கேன்."

செல்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருட ஜெபம். உடனே கூட்டத்தின் வாட்ஸப் குழுவில் செய்தி போட்டார். அல்லேலூயாக்கள் வந்து குவிந்தன. ராஜையன் அண்ணன் குரல் பதிவே அனுப்பினார்: இந்தச் சந்தோஷத்தைக் கொண்டாட எல்லாக் குடும்பமும் பிள்ளைகளோடு நேமத்துக்கு வருகிறது, சகோதரி கைச் சாப்பாட்டைச் சாப்பிட.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததுமே ஓய்வுநாள் தொடங்கிவிடும். பொழுது சாயுமுன் செல்வின் கடையை மூடிவிட்டு உற்சாகமாக வீட்டுக்கு வந்தார். ஜெயஷீலா ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வேதப்புத்தகம். அடுக்களையில் சத்தமில்லை, மணமில்லை.

"சமையலு?"

"சூரியன் மறைய இன்னும் நேரம் உண்டு. செய்யுங்க."

"நானா?"

"ஆறு நாளு வேல செய்யணும்னும் அதே கட்டளையில தான உண்டு. நான் ஸ்கூல்ல செஞ்சுட்டு வந்துட்டேன்." புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல ஓய்வெடுக்க வேண்டிய ஆளு யாரெல்லாம்னு பாத்தேன். மகன்: நம்ம பிரபினு பெங்களூர்ல ஒறங்குதான். மகளு நமக்கு இல்ல. வேலக்காரன், வேலக்காரி இல்ல. மாடு, கழுத. வாசல்ல உள்ள அந்நியன், அது மாடில வாடகைக்கு இருக்க மஹேஷு. எல்லாருக்கும் லீவு உண்டு. பெண்டாட்டி எந்த வரியில இருக்கா? எனக்குக் காணல."

கடைப்பிடிக்கிற இனத்திடம் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது. மகிழ்ந்துபோவார்கள். செல்வின் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து விளக்கினார். பழைய அறிஞர்கள் இதை அலசியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே மாம்சம். ஆகவே 'நீ' என்று சொல்லும்போதே மனைவியும் அதில் அடக்கம். தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் அவளுக்குக் கர்த்தர் கொடுத்த மரியாதை.

"அப்பம் அந்த 'நீ'யில நானும் உண்டு."

"நிச்சயமா உண்டு."

"செரி" என்றார் ஜெயஷீலா. "அப்பம் நான் இருந்தது செரிதான்." புத்தகத்தை மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

திருமணமான இத்தனை ஆண்டுகளில் செல்வின் முழுசாக ஜெயித்த முதல் வாக்குவாதம் அது.

பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடையில் பித்தளைக் கீலையும் இரும்புக் கீலையும் இருட்டில் தடவியே பிரித்தெடுக்கிற மனிதருக்குத் தன் வீட்டில் துவரம்பருப்பு இருக்கும் டப்பா தெரியவில்லை. "ரெண்டாவது தட்டு, பச்ச மூடி" என்று நாற்காலியிலிருந்து பதில் வந்தது. சின்ன வெங்காயத்தை உரிக்கத் தொடங்கியபோதுதான் அது ஏன் சின்ன வெங்காயம் என்பதும், கூட்டம் ஏன் பெரிய கூட்டம் என்பதும் ஒருசேரப் புரிந்தது. நண்டும் இறாலும் வேண்டாமென்று ஒதுக்க ஒரு வினாடி போதும். வேண்டும் என்கிற முருங்கைக்காயை நறுக்க நெடுநேரம் ஆகிறது. குக்கரில் தண்ணீர் வைக்க மறந்தார். மறுபடி வைத்தார். சோறு வடித்த கஞ்சி காலில் கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே கரமனைப் பக்கம் சிவந்து வந்தது. வானம் அவ்வளவு வேகமாக இருண்டதை அவர் பார்த்ததே இல்லை.

சூரியன் போயிற்று. பெரிய சட்டியில் சாம்பார் அரை வேக்காட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. உப்பு போட்டோமா என்பதே நினைவில்லை. இப்போது தீயைப் பற்றவைக்கவும் கூடாது, அணைக்கவும் கூடாது. அணைப்பதும் வேலைதான் என்று கூட்டத்தில் எல்லாருக்கும் போதித்தவர் அவர். அடுப்பு எரிந்துகொண்டே இருந்தது. அடி பிடிக்கிற வாசனை மெல்ல எழுந்தது. செல்வின் அடுக்களை வாசலில் நின்று, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "சாம்பாரு அடி பிடிக்குது போலுக்கு."

"ஆமா" என்றார் ஜெயஷீலா. "பிடிக்குது."

செல்வின் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். நட்சத்திரம் தெரிந்தால் ஓய்வுநாள் சந்தேகமின்றித் தொடங்கிவிட்டது என்று கணக்கு; அது இருக்கிறதா என்று தெரியாதபடி மேகம். திரும்பி வந்து அடுப்பை அணைத்தார். "எதுக்கும் இருக்கட்டும்" என்று தன்னையறியாமல் வாயில் வந்தது. ஒரு கட்டளையை உடைக்க அந்தச் சொல்லை அவர் பயன்படுத்தியது அதுவே முதல் தடவை.

மறுநாள் கூட்டம் வந்தது. ஆறிய சோறு, கல்லுப் போன்ற பருப்போடு உப்பில்லாத சாம்பார். ராஜையன் அண்ணன் ஒரு வாய் வைத்தார், சற்று யோசித்தார், தலையை அசைத்தார். எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோரின் துயரத்தை இந்தச் சாம்பார் நினைவூட்டுவதாகச் சொன்னார். "சகோதரி அத தெரிஞ்சே செஞ்சிருக்காங்க."

"நான் ஒண்ணும் செய்யல அண்ணா" என்றார் ஜெயஷீலா. "நான் ஆசரிச்சேன்."

"ஆசரிச்சுன்னா?" என்று கேட்டது ராஜையன் அண்ணனின் மனைவி பிரேமா.

"இருந்தேன்."

அடுக்களைப் பக்கம் போக எழுந்த பெண்கள் அப்படியே நின்றார்கள். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பிரேமா ஜெயஷீலாவின் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில், "இருந்தா ஒண்ணும் ஆவலியா?" என்று கேட்டது செல்வின் காதில் விழுந்தது.

அன்று நட்சத்திரம் தெரிந்து ஓய்வுநாள் முடிந்த பிறகு அவர் பாத்திரங்களைத் தேய்த்தார். துடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது ஜெயஷீலா கண்ணாடி முன்னால் இடது கையால் தலை வார முயன்றுகொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது.

"கைக்கு என்ன?"

"தோளு தூக்க முடியல. டாக்டரு ரெஸ்ட் எடுக்கச் சொல்லிருக்காரு."

"எப்பம் முதலு?"

"ஓணம் முதலு."

"எங்கிட்ட சொல்லப்படாதா?"

"சொன்னேன். அன்னிக்கு நீங்க சூர மீனுக்குச் செதிலு உண்டான்னு பாத்துட்டிருந்தீங்க."

செல்வின் கையை நீட்டினார். சீப்பை வாங்கிக்கொண்டார். பழக்கமில்லாத கை. சிக்கில் மாட்டி இழுத்தது. "மெல்ல" என்றார் ஜெயஷீலா. மெல்ல வாரினார்.

இதோடு திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் திருந்துவதில்லை. திருந்தியதையும் ஒரு கட்டளையாக்கிவிடும். அடுத்த வாரம் கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஓய்வுநாள் ஆசரிக்கப்போவதாக அறிவித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை களியக்காவிளையிலிருந்து நேமம் வரை ஆண்கள் அடுக்களையில் நின்றார்கள். ராஜையன் அண்ணன், எபிரேய மாதங்களைப் பற்றிய தன் போதனையைக் காலவரையின்றித் தள்ளிவைத்துவிட்டு, பருப்பு எத்தனை விசில் என்று போனில் கேட்டார். செல்வினிடம்தான் கேட்டார். அனுபவஸ்தர் அல்லவா? செல்வின் குழுவில் நீளமாக எழுதினார்: வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பது, வியாழக்கிழமையே தேங்காய் துருவுவது, மனைவிக்குத் தலைவாருவதும் ஓய்வுநாள் ஆயத்தத்தில் அடங்கும் என்பது. அன்று தான் அடுப்பை அணைத்ததைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. யாராவது வியாழக்கிழமை தேங்காய் துருவவில்லை என்று தெரிந்தால், அவருடைய விசுவாசத்தைப் பற்றி மெல்லிய கவலை தெரிவித்தார். ஜெயஷீலா இப்போது சனிக்கிழமை காலை நன்றாகத் தூங்குகிறார். ஃபேனை யார் போடுவது என்ற கேள்விக்கு மட்டும் வேதத்தில் இன்னும் விடை கிடைக்கவில்லை. மாடிவீட்டு மஹேஷ் வந்து போட்டுவிட்டுப் போகிறான்.

உங்களுக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். நீங்கள் குஞ்சம் கட்டுகிறவரல்ல, செதில் பார்க்கிறவருமல்ல. ஏகாதசி விரதம் மட்டும் உண்டு. அல்லது சர்க்கரையை விட்டுவிட்டீர்கள். அல்லது ஞாயிற்றுக்கிழமை போனைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்து அந்த முடிவை எல்லாருக்கும் போனிலேயே சொன்னீர்கள். நல்லதுதான். இதைப் படிக்கையில் பக்கத்தில் ஒரு டீ டம்ளர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அது தானாக நடந்து வந்திருக்காது. இதை எழுதியவனின் மேஜையிலும் ஒன்று இருக்கிறது. ஆறிப்போய்விட்டது என்று இப்போதுதான் சுவரைப் பார்த்துக் குறைபட்டுக்கொண்டான்.