ஜன்னலுக்கு முதல் பரிசு

கடற்கரையில் குடியிருப்பவர்களுக்குக் கடலைப் பார்க்கத் தெரியவில்லை என்பது கலைத்துறையின் நெடுநாளைய கவலை. அந்தக் கவலையைப் போக்கத்தான் எங்கள் ஊரில் வலைகள் போட்டுவைத்திருந்த பழைய கிடங்கைக் காலி செய்து, வெள்ளையடித்து, ஓவியக் கூடம் என்று பலகை மாட்டினார்கள். வலைகள் வெளியே வெயிலில் கிடந்தன. வருஷா வருஷம் அங்கே 'கடலும் நாமும்' என்ற தலைப்பில் ஒரு மாதம் கண்காட்சி நடக்கும். கடலும் நாமும் அதுவரை ஒரு தகராறும் இல்லாமல்தான் இருந்தோம்.

கூடத்துக்கு ஒரு காப்பாளர் உண்டு. தங்கமான மனிதர். மேலிடத்திலிருந்து எது வந்தாலும் கீழே அனுப்பிவிடுவார், நடுவில் தனக்கென்று ஒரு யோசனையைக்கூட வைத்துக்கொள்ள மாட்டார்.

அந்த வருஷம் தலைநகரிலிருந்து மிகப் பெரிய ஓவியம் ஒன்று வருவதாக உத்தரவு வந்தது. அதில் கண்ட அளவுக்குத் தச்சர் பொன்முலாம் பூசிய ஃபிரேம் ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். ஓவியமும் வந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இருந்தது.

"ஃபிரேமைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுப்பா" என்றார் காப்பாளர்.

"உள்ள கொண்டு வரவே கதவக் கழட்டினேன் சார். இன்னொரு தடவை என்னால ஆகாது."

"அப்ப எங்கயாவது மாட்டு. சும்மா கிடக்கக் கூடாது, கணக்குல ஏறியாச்சு."

தச்சர் சுற்றுமுற்றும் பார்த்தார். கடலைப் பார்த்த பக்கம் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதைச் சுற்றி ஆணியடித்தார். அளவெடுத்துச் செய்த மாதிரி பொருந்திவிட்டது.

மறுநாள் பரிசுக்குரிய ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கக் கலைத்துறை இயக்குநர் வந்தார். கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். கூடத்துக்குள்ளே கறுப்புக் கண்ணாடி போடாதவர்களுக்கு ஓவியம் புரியாது என்று அப்போது பேச்சு. அதனால் கூட வந்தவர்களும் போட்டிருந்தார்கள், ஒருவர் இன்னொருவர் காலை மிதித்துக்கொண்டே நடந்தார்கள். சுவரில் இருந்த ஓவியங்களை எல்லாம் தாண்டி வந்த இயக்குநர், பொன் ஃபிரேமுக்கு எதிரே நின்றுவிட்டார். அன்றைக்குக் கடல் அசையவில்லை. கரையோரம் நங்கூரம் போட்ட ஒரு பச்சைப் படகு மட்டும் நின்றது.

"இது. இதுக்குத்தான் முதல் பரிசு. என்ன ஒரு ஆழம்!"

காப்பாளருக்கு வியர்த்தது. "சார், அது வந்து..."

"வந்து?"

"ரொம்ப ஆழம்தான் சார்."

இயக்குநர் தவறு செய்தார் என்று சொல்ல விதிகளில் இடமில்லை. அந்தத் தவறைச் சரியென்று ஆக்குவதற்கு வேண்டிய இடம் இருந்தது. சாயங்காலத்துக்குள் ஜன்னலுக்குக் கீழே அட்டை ஒட்டியாயிற்று. படைப்பின் பெயர்: அமைதி. படைத்தவர்: கலைத்துறை.

பச்சைப் படகின் சொந்தக்காரர் விடியற்காலையில் கடலுக்குப் போக வந்தார். அவர் படகுக்கு எதிரே மணலில் கயிறு கட்டி, 'படைப்பைத் தொடாதீர்' என்று பலகை நட்டிருந்தது. காவலாளி தடியைக் குறுக்கே நீட்டினார். படகுக்காரர் நேரே காப்பாளரிடம் போனார். அவருக்கு முன்னாலேயே அவர் மனைவி போய்விட்டாள்.

"எங்க படகை நாங்க எடுக்கக் கூடாதா சார்?" என்று அவள் கேட்டாள்.

"தாராளமா எடுக்கலாம்மா. கண்காட்சி முடிஞ்சதும்."

"அதுவரைக்கும் மீன் காத்துக்கிட்டு இருக்குமா?"

"மீன் படத்துல தெரியல. அதனால அது எங்க பொறுப்புல வராது."

"சார், அந்தப் படகு ஒண்ணுதான் எங்களுக்குச் சோறு போடுது."

"இனிமே அது நாட்டுக்கே சொந்தம்மா. நீங்க பெருமைப்படணும்."

"பெருமையை எந்தப் பானையில போட்டு வேக வைக்கிறது?"

காப்பாளர் இந்தக் கேள்வியை மேலிடத்துக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னார். அனுப்பியும் வைத்தார்.

அதற்குள் ஊரே கூடத்தில் கூடிவிட்டது. தினமும் தங்கள் வீட்டு ஜன்னல் வழியாகவே கடலைப் பார்த்துச் சலித்தவர்கள், அதே கடலை வரிசையில் நின்று பார்த்தார்கள். பத்திரிகையில் கலை விமர்சனம் எழுதுகிற ஒருவர் வந்தார். ஊரில் அவருக்கு ரசனைக்காரர் என்று பெயர். தனக்குப் புரிகிற எதையும் அவர் மதித்ததில்லை. ஜன்னல் முன்னால் வெகுநேரம் நின்று, "இந்த அசையாமைக்குள் ஓர் ஆவேசம் இருக்கிறது" என்றார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் ஜன்னல்களுக்கும் பொன் ஃபிரேம் போட்டார்கள். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த லுங்கியைக் காட்டி, "இதை இறக்கிடாதீங்க, நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். தச்சர் தனக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

படகுக்காரர் முதல் இரண்டு நாள் கொதித்தார். பிறகு கூடத்துக்கு வந்த யாரோ ஒரு அம்மாள், "நீங்கதான் அந்தப் படகுக்காரரா? உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போய் ஜன்னல் பக்கத்தில் நின்றார். அவர் மனைவி பக்கத்து வீடுகளில் அரிசி கடன் கேட்டாள்.

கண்காட்சி முடிய இன்னும் சில நாள் இருக்கையில் மேற்கே வானம் கறுத்தது. காற்று திரும்பியது. மற்றவர்கள் தங்கள் படகுகளை மேட்டுக்கு இழுத்துவிட்டார்கள், அவை ஃபிரேமுக்கு வெளியே இருந்ததால் யாரும் தடுக்கவில்லை. படகுக்காரரின் மனைவி கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"சார், படகை மேல ஏத்தணும். இப்பவே ஏத்தணும். பாறையில மோதினா சுக்கு நூறாயிடும்."

"அது படைப்புல செய்யிற மாற்றம்மா. படைச்சவர் சம்மதிக்காம நான் கை வைக்க முடியாது."

"யாரு படைச்சவரு?"

"கலைத்துறை."

"நீங்க யாரு?"

"கலைத்துறை."

"அப்ப நீங்களே சம்மதம் குடுங்க!"

"நான் குடுக்கலாம். யார்கிட்ட குடுக்கறது? நான் எனக்கே எழுதிக்கிட்டா அது முறையா?" என்று காப்பாளர் நியாயமாகவே வருத்தப்பட்டார். இயக்குநருக்கு ஃபோன் போட்டார். இயக்குநர், மழைக்கால ஓவியங்கள் பற்றிய கூட்டத்தில் இருந்தார்.

அவள் புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க, நாம போய் அவிழ்த்துடலாம். காவலாளி அடிச்சா அடிக்கட்டும்."

"கொஞ்சம் இரு. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் படகுக்காரர்.

எல்லோரும் பார்க்கத்தான் செய்தார்கள். பொன் ஃபிரேமுக்குள் கடல் எழுந்தது. அவள் வெளியே ஓடி, ஒற்றை ஆளாய்ப் படகின் கயிற்றைப் பிடித்து இழுப்பதும் தெரிந்தது. நங்கூரக் கயிறு அறுந்தது. படகு ஒரு தரம் சுழன்று பாறையில் மோதியது. கூடத்தில் யாரோ ஒருவர் கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். "கடைசியில் இந்த ஓவியர் துணிந்துவிட்டார்" என்று ரசனைக்காரர் தழுதழுத்தார். நனைந்த புடவையோடு அவள் பலகைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, மழையில் படைப்பு நனையாமல் இருக்கத் திரையை இழுத்துவிட்டார்கள்.

பரிசு பெற்ற படைப்பு சேதமடைந்தால் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியது துறையின் கடமை. இந்தக் கடமையில் அவர்கள் ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை. தலைநகரிலிருந்து ஓர் ஓவியர் வந்து, ஜன்னல் கண்ணாடி முழுவதும் நீலக் கடலை வரைந்து, அதன் நடுவே ஒரு படகையும் வரைந்துவிட்டுப் போனார்.

நஷ்டஈடு கேட்டுப் போனவளிடம் காப்பாளர் சந்தோஷமாகச் சொன்னார்: "உங்க படகைத்தான் திரும்பக் குடுத்துட்டோமேம்மா! முன்னைக்கு இப்ப எவ்வளவு நல்லா இருக்கு பாருங்க."

"இதுல ஏறி மீன் பிடிக்க முடியுமா?"

"மீன்பிடிப்பு வேற துறைம்மா."

அந்த வருஷம் முழுக்க அவள் அடுத்தவர் மீனைக் கழுவிப் பிழைத்தாள். படகுக்காரர் கூடத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னார். கையோடு ஒரு கறுப்புக் கண்ணாடியும் வந்துவிட்டது.

மறு வருஷம் கண்காட்சியின் முதல் நாள். இயக்குநர் மறுபடி வந்திருந்தார். வாசலில் பெரும் கூச்சல் கேட்டது. படகு வைத்திருக்கிற அத்தனை பேரும் கோஷம் போட்டுக்கொண்டு கூட்டமாய் வந்தார்கள். நம்முடைய படகுக்காரர்தான் முன்னால் நடந்தார். ஓரமாய் நின்ற அவர் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வருஷம் கழித்தாவது இவர்களுக்குச் சொரணை வந்ததே என்று நினைத்துக் கூட்டத்தோடு அவளும் உள்ளே நுழைந்தாள்.

காப்பாளர் கை கூப்பினார். "என்னங்க உங்க கோரிக்கை?"

"அவன் படகை மட்டும் கண்ணாடியில வரைஞ்சிருக்கீங்களே, எங்க படகு என்ன பாவம் பண்ணிச்சு?" என்றார் ஒருவர்.

"என்னோடது அதைவிடப் பெரிய படகு. முன்னாடி வரணும்" என்றார் இன்னொருவர்.

அவள் தன் புருஷனைப் பார்த்தாள். "நீங்க எதுக்கு வந்தீங்க?"

"என் படகு பச்சை. இவங்க ஊதாவுல வரைஞ்சிருக்காங்க. ஒரு வருஷமாப் பொறுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார் படகுக்காரர் உண்மையான வேதனையோடு. "அப்படியே படகுல என்னையும் நிக்கிற மாதிரி போட்டா நல்லா இருக்கும்."

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். இயக்குநர் கோரிக்கைகளைப் பரிவோடு பரிசீலிப்பதாக அறிவித்தார். எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது ஜன்னல் கண்ணாடி சிதறி உள்ளே விழுந்தது. நீலக் கடலும் ஊதாப் படகும் தரையில் தூள் தூளாய்க் கிடந்தன. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. பொன் ஃபிரேமுக்குள் கலங்கிய கடலும், மணலில் மக்கிய நாலு பலகையும், கல்லெறிந்த கையை இன்னும் இறக்காமல் நின்ற ஒரு பெண்ணும் தெரிந்தார்கள்.

இயக்குநர் மெதுவாக முன்னால் வந்து, கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இது. இதுக்குத்தான் முதல் பரிசு."

கைதட்டல் கூரையைத் தூக்கியது. ரசனைக்காரர் விசும்பினார். காப்பாளர் அட்டையும் கயிறும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். "அம்மா! கையை இறக்கிடாதீங்க! ஒரு மாசம்தான்! அப்படியே இருங்க!"

"அசையாத!" என்று காப்பாளரின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினார் படகுக்காரர். "நமக்குத்தான் பரிசு! கொஞ்சம் அனுசரிச்சு நில்லேன்!"

இடம் பிடிக்க நாங்கள் எல்லோரும் ஜன்னலை நெருக்கிக்கொண்டு நின்றோம். அவளுடைய இன்னொரு கையிலும் ஒரு கல் இருந்தது. அட்டையில் அதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.