இடது தாடையும் ஆனந்தபாயும்

நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். ஞாயிற்றுக்கிழமை மாலை பாறசாலைச் சந்தையில் பேசுகிறேன் என்று ஒரு வேகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, போன கூட்டத்தில் பேசியவர்களைப் போலீஸ் தேடித் தேடி அடித்ததாம். தமிழுக்காக உயிரைக் கொடுக்க நான் தயார். முதுகைக் கொடுக்கத்தான் யோசனையாக இருந்தது.

என் மனைவி ஆனந்தபாய் கல்யாணத்துக்கு முன் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாடை பூட்டிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று, ஆரியங்கோட்டு நண்பன் ஒருவனுக்காகக் கேட்பதுபோல் கேட்டேன். அவள் பாடமே நடத்தினாள். காதுக்கு முன்னால் உள்ள மூட்டில்தான் கோளாறு. கொட்டைப்பாக்கைக் கடிப்பவனுக்கும் தூக்கத்தில் பல்லை நறநறப்பவனுக்கும் வாயைப் பிளந்து கொட்டாவி விடுபவனுக்கும் வரலாம். முதலில் மெல்லும்போது டக்டக்கென்று சத்தம், அப்புறம் காதுவலி, தலைவலி. முற்றினால் வாய் இரண்டு விரலுக்கு மேல் திறக்காது, தாடை ஒரு பக்கமாகக் கோணும். எந்தப் பக்கம் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு காலை சபையில் பாட்டின் நடுவே என் தாடை பூட்டிக்கொண்டது. இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர்கூட விட்டேன். போதகர் என் தாடைக்காக ஜெபித்தார்.

மத்தியானம் போராட்டக் கமிட்டிச் செயலாளர் ராஜதாஸ் என்னை அழைத்துப்போக வந்தார். விஷயம் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனந்தபாய் என் பக்கத்தில் வந்தாள்.

"நோவு எந்தப் பக்கமாக்கும்?"

இடது கன்னத்தைத் தொட்டேன்.

"வாயத் தொறங்க."

இரண்டு விரல் அளவு திறந்து, தாடையை அழகாக வலது பக்கம் இழுத்துக் காட்டினேன்.

"நோவுள்ள பக்கமாட்டுதான் கோணும், கேட்டியளா?" என்றாள், என் காதுக்கு மட்டும்.

பிறகு ராஜதாஸிடம் திரும்பினாள். "தம்பி, இவியளுக்கு இனி மூணு நாளு பேச ஒக்காது. ஒண்ணும் சவைக்கவும் ஒக்காது. உண்ணாவிரதத்துக்கு ஆளு கிட்டேல்லண்ணு சொன்னியள்லா?"

ராஜதாஸ் முகம் மலர்ந்தது. "பந்தலு ரெடியா உண்டு அக்கா. போலீஸ் ஸ்டேஷனுக்கு நேர் முன்னாலயாக்கும்."

மாட்டேன் என்று கத்த வேண்டும். கத்தினால் தாடை சரியாகிவிடும், மேடை காத்திருக்கிறது. நான் யோசித்து முடிப்பதற்குள் ஆனந்தபாய் என் தாடையைத் துணியால் தூக்கிக் கட்டி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். அடுக்களையிலிருந்து வாசனை வந்தது. நான் பரிதாபமாக அந்தப் பக்கம் பார்த்தேன்.

"நீங்க தைரியமாட்டுப் போங்க," என்றாள். "நெய்மீன் கொழம்ப நானும் பிள்ளையளும் பாத்துக்கிடுதோம்."