வேறு நொய்ஷ்டாட்

பெண்ணின் ஊரைப் பற்றிப் பெண்ணின் தகப்பனுக்கே வகுப்பெடுக்கக் கூடாது. இது எனக்கும் தெரியும். கொஞ்சம் பிந்தித் தெரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை, லண்டன் ஹவுன்ஸ்லோவில் அக்கா வீட்டில் ஒரு சின்ன அறை, அப்போதே கொட்டத் தொடங்கியிருந்த தலைமயிர் (இப்போது அந்தக் கவலை இல்லை, கொட்ட ஒன்றும் மிச்சமில்லை). ஜெர்மனியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் வசந்தி. குடும்பம் இருப்பது நொய்ஷ்டாட் என்ற ஊரில். அவள் படத்தைப் பார்த்த அன்றே என் மனம் அங்கே குடியேறிவிட்டது.

வசந்தியும் தகப்பனும் என்னைப் பார்க்க லண்டன் வருகிறார்கள் என்றதும் நூலகத்துக்கு ஓடினேன். ஜெர்மனியின் பழைய ஊர்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் கிடைத்தது. அதில் நொய்ஷ்டாட்டின் பெரிய தெருவுக்கே ஒரு அத்தியாயம்! ஷிப்டில் பெட்டி தூக்கும்போதும் அதைத்தான் மனப்பாடம் செய்தேன்.

"நீ வாயைத் திறவாமல் இரு. அவை உன்னைப் பாக்க வருகினம், பிரசங்கம் கேக்க இல்லை" என்றாள் அக்கா.

தேநீர் வந்ததும் வாயைத் திறந்தேன்.

"மாமா" (இன்னும் ஆகாத மாமா), "உங்கட பெரிய தெரு ஒருக்கா நெருப்பில எரிஞ்சு, பிறகு கட்டினதெல்லோ?"

"அப்பிடியோ தம்பி?"

அதை வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, இடையில் களிமண்ணும் வைக்கோலும் அடைத்துச் சுவர் எழுப்பியதைச் சொன்னேன். மேல்மாடிகள் ஒன்றைவிட ஒன்று தெருப்பக்கம் தள்ளி நிற்பதால், எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே கைகுலுக்கலாம் என்று கையை நீட்டிக் காட்டினேன். கை பட்டு, பலகாரமாக வைத்திருந்த ரோல்ஸ் தட்டு வசந்தியின் மடியில் கவிழ்ந்தது. நான் நிறுத்தவில்லை.

"உங்கட வாசலுக்கு மேல எந்த வருஷம் செதுக்கிக் கிடக்கு மாமா?"

"வருஷமோ? பிளாஸ்ரிக்கில நம்பர்தான் கிடக்கு. நாங்கள் எட்டாம் மாடி."

"அப்ப நல்லாத் தள்ளி நிக்குமே!"

"எட்டாம் மாடி தள்ளி நிண்டா விழுந்திடும் தம்பி."

பாவம், இந்த மனிதருக்குத் தன் ஊரே தெரியவில்லை என்று இரக்கப்பட்டு, அறைக்குள் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து தெருவின் படத்தை விரித்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆசையோடு பார்த்தார்.

"நல்ல வடிவு. இது எங்க இருக்கு?"

வசந்தி எட்டிப் பார்த்தாள். "ஐயோ, இது வேற நொய்ஷ்டாட்! ஜெர்மனியில அந்தப் பேரில கன ஊர் இருக்கு. எங்கடதில பக்டரியும் பிளாட்டும்தான்."

பிறகு சிரிக்கத் தொடங்கினாள். அடக்கப் பார்த்தாள், ஏலவில்லை. அக்கா தேநீர்க் கோப்பைகளோடு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

போகும்போது அவர் அக்காவிடம் தணிந்த குரலில் சொன்னது எனக்கும் கேட்டது. "நல்ல பொடியன், பிள்ளை. ஆனா கலியாணத்துக்குச் சரியான மண்டபத்துக்கு வந்து சேருவாரோ எண்டுதான் யோசிக்கிறன்."

சம்பந்தம் போய்விட்டது என்று சோறு இறங்காமல் கிடந்தேன். அடுத்த வாரம் தொலைபேசியில் 'ஓம், சம்மதம்' என்று பதில் வந்தது. "எனக்காக ஒரு முழுத் தெருவையே பாடமாக்கின மனுசன், பிழையான தெரு எண்டாலும் பரவாயில்லை" என்று வசந்தி சொன்னாளாம்.

அன்றிலிருந்து இரு குடும்பத்திலும் பிழையாகிப்போகும் எதற்கும் ஒரே பெயர்தான். தேத்தண்ணியில் சீனிக்குப் பதில் உப்பு விழுந்தால், அது நொய்ஷ்டாட் போய்விட்டது. போன கிழமை என் மகள் பரீட்சையில் கேட்காத கேள்விக்கு நான்கு பக்கம் விடை எழுதிவிட்டு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அறிவித்தாள்:

"அப்பா, நானும் நொய்ஷ்டாட் போயிட்டன்."